ஸ்கில்லெட் ஓடைக்கு ஒரு ரிவால்வர்

ஆல்டர் ஃபோர்க், மொன்டானா
9 ஜூன் 1996

அன்புள்ள ஏமஸ்,

நீ மலையேறிய பிறகு எழுதும் முதல் கடிதம். டிக்ஸனின் கோவேறு கழுதைகள் உன் காட்டுத்தீக் காவல் கோபுரத்துக்கு மாதம் இருமுறைதான் வருமாம். அதனால் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே உறையில் திணிக்கிறேன். மாவு மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவே கசங்கி வந்தால் கழுதையைக் கேள், என்னைக் கேட்காதே.

இங்கே எல்லாம் நலம். உன் நாய் என் படுக்கையில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு மீதியை எனக்கு விடுகிறது. அங்கே எப்படி இருக்கிறது? கோபுரத்தின் நாலு பக்கமும் கண்ணாடி என்றாயே, உடை மாற்றும்போது யாருக்கு மறைந்துகொள்கிறாய், மேகத்துக்கா?

உங்கம்மாவைத் தபாலாபீசில் பார்த்தேன். "என்ன தண்ணிப் பொண்ணே, ஓடையில இன்னும் தண்ணி ஓடுதா?" என்றார். ஓடுகிறது என்றேன். அவ்வளவுதான் பேச்சு. போன நவம்பர் நன்றி நாள் விருந்துக்குப் பிறகு இதுவே அதிகம். அவர் மேசையில் உட்கார்ந்து, அவர் சமைத்த வான்கோழியைத் தின்றுவிட்டு, துப்பாக்கி இருக்கும் வீடு சாவை விருந்தாளியாகக் கூப்பிட்டு வைத்திருக்கும் வீடு என்று நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன் அல்லவா? எண்கள் வேறு சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு ஆப்பிள் பை வேணுமா, இல்ல புள்ளிவிவரமே போதுமா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அம்மா மனசு சரியாகட்டும், பிறகு கல்யாணம் என்று நீ சொன்னதும் அன்றைக்குத்தான்.

அதனால்தான் இதை உன்னிடம் மட்டும் கேட்கிறேன். சிரிக்கக் கூடாது.

எனக்கு ஒரு ரிவால்வர் வேண்டும். சிறியதாக, சட்டைக்குள் இருந்தால் வெளியே தெரியாததாக. ஆனால் காட்டிலும் உதவ வேண்டும்.

ஸ்கில்லெட் ஓடையில் போன வாரம் தண்ணீர் ஆய்வுக்காகக் கற்களைப் புரட்டிப் பூச்சி எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது ஈர மணலில் என் பூட்ஸ் தடம் இருந்தது. ஒவ்வொரு தடத்தின் மேலும் வட்டமாக ஒரு பாதத்தின் தடம். மலைச்சிங்கம். நான் போன வழி முழுக்க என் பின்னாலேயே வந்திருக்கிறது. அது தெரியாமல் நான் கற்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது கூடப் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்து, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு ஆள் தன் பிக்கப்பில் சாய்ந்துகொண்டு சூரியகாந்தி விதை கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். "தனியாவா வந்திருக்கே?" என்றான். "என் வீட்டுக்காரர் பின்னாடி வர்றார்" என்றேன். அவன் போகவில்லை. வீட்டுக்காரர் வருகிறாரா என்று பார்க்க நின்றான். நான் மரங்களைப் பார்த்து, "ஏமஸ், சீக்கிரம் வா!" என்று கத்தினேன். உன் பேரைச் சொல்லி, ஆளில்லாத காட்டைப் பார்த்து. அவன் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பயந்ததை விட, அப்படிக் கத்தியதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த ஆப்பிள் பை விஷயத்தை என் கல்லறை வரைக்கும் கொண்டுவருவார்.

உன்
கொரின்


கெட்டில் மலை
20 ஜூன்

என் கொரினுக்கு,

சிரிக்கவில்லை. சரி, படியில் உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தேன். பிறகு அந்த விதை கடிப்பவனைப் பற்றிய பகுதியை மறுபடி படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் வண்டி என்ன நிறம்? ஷெரீப் ஆபீசில் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

நேற்று முழுக்கப் புகை ஒன்றும் இல்லை. அதனால் உன் ரிவால்வரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில், கரடியை மறந்துவிடு. கரடிக்கு மிளகாய் ஸ்ப்ரே இருக்கிறது. சட்டைக்குள் அடங்குகிற எந்தத் துப்பாக்கியும் கரடிக்குக் கோபத்தைத்தான் கொடுக்கும். மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒன்று வேண்டும் என்கிறாய். ஒன்றே எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்காது. ஓரளவு நன்றாக இருப்பதைத்தான் தேட வேண்டும்.

குழல் ரெண்டு அங்குலம் என்றால் மறைக்கச் சுலபம், ஆனால் கல்லெறி தூரத்தில் கொட்டகையையே தவறவிடுவாய். நாலு அங்குலம் என்றால் உட்காரும்போதெல்லாம் விலாவில் குத்தும். மூன்று வாங்கு. இறகு மாதிரி எடையில்லாத உலோகத்தில் இப்போது செய்கிறார்கள், கடைக்காரன் அதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பான். வாங்காதே. தூக்கிக்கொண்டு நடக்க சுகம், சுடும்போது உள்ளங்கையில் சுத்தியலால் அடித்தது போலிருக்கும். ஒரு தடவை சுட்டுவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுவாய். எஃகுதான் வேண்டும், அதிலும் துருப்பிடிக்காதது. நீ பாதி நாள் தண்ணீரில் நிற்பவள்.

தோட்டாவைத் தட்டும் சுத்தியல் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சட்டைத் துணியில் மாட்டும். உள்ளே மறைந்திருக்கும் வகை உண்டு, அதைக் கேள். அதில் சுத்தியலை விரலால் இழுத்து வைத்துச் சுட முடியாது. ஒவ்வொரு தடவையும் விசையை நீளமாக, அழுத்தி இழுக்க வேண்டும். அது நல்லதுதான். அவ்வளவு தூரம் இழுப்பதற்குள் மனிதனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். தோட்டா முப்பத்தெட்டு காலிபர் போதும். கைப்பிடி ரப்பராக, சுண்டுவிரலுக்கும் இடம் இருக்க வேண்டும். மார்பு வரை வரும் அந்த ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு இடுப்பில் உறை கட்டினால், தேவைப்படும்போது உன் கைக்கு எட்டாது. தோளில் பட்டை போட்டு, மேல்சட்டைக்குள் மார்பின் குறுக்கே வை.

கடைசியாக ஒன்று. தோட்டா போடும் உருளையில் அறை ஐந்து இருக்கும். நாலில் மட்டும் தோட்டா போடு. சுத்தியலுக்கு நேராக இருக்கும் அறை காலியாக இருக்கட்டும். விசையை இழுத்ததும் உருளை சுழன்று தோட்டா இருக்கும் அடுத்த அறை அங்கே வந்துவிடும். இந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு இது தேவையே இல்லை, கடைக்காரன் சிரிப்பான். ஆனால் ஆரின் சித்தப்பா குதிரையிலிருந்து இறங்கும்போது பழைய ரிவால்வரைத் தவறவிட்டு, பாதி பாதத்தை இழந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஐந்தாவதைப் போடுவதில்லை. எனக்காகச் செய்.

அம்மாவிடம் மூச்சுவிட மாட்டேன்.

உன் ஏமஸ்


ஆல்டர் ஃபோர்க்
5 ஜூலை

அன்புள்ள ஏமஸ்,

வாங்கிவிட்டேன்.

நீ சொன்னபடியே கடைக்காரர் முதலில் இறகு மாதிரி ஒன்றைத்தான் எடுத்தார். முத்துப்போல வெள்ளைக் கைப்பிடி. "லேடீஸ் எல்லாம் இதைத்தான் விரும்புவாங்க. பர்ஸுல போட்டா இருக்கறதே தெரியாது."

பக்கத்தில் மண்புழு டப்பா வாங்கிக்கொண்டு நின்ற பெண்மணி எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். "அதை உள்ள வைய்யா. அதை நீட்டினா கரடி சிரிச்சே செத்துப்போகும்."

"கரடிக்கு இல்லை" என்றேன்.

"அப்ப ரெண்டு காலுக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "மூணு அங்குலம், எஃகு, சுத்தி உள்ள இருக்கறது. அதை எடு" என்றார்.

நீயும் அவரும் ஒரே பள்ளியில் படித்தீர்களா? "நீங்க வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி என்பது கேட்ட பிறகுதான் புரிந்தது. அவர் கோபிக்கவில்லை. கைகளை அகல விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "கண்டுபிடி பார்ப்போம்." என்னால் முடியவில்லை. "நல்லது. அதைக் கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது, பொண்ணே."

அந்த நேரம் பார்த்து உங்கம்மாவின் சிநேகிதி மில்ட்ரெட் உள்ளே வந்தார். நான் தூண்டில் பகுதிக்குள் ஓடி ஒளிந்தேன். "கொரின்! மீன் பிடிக்கக் கிளம்பிட்டியா?" ஆமாம் என்றேன். பொய்யைக் காப்பாற்ற, சிவப்பு இறகு வைத்த ஒரு தூண்டிலையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். உனக்கு வேண்டுமா?

சரளைக் குழியில் காகிதத் தட்டுகளை நிறுத்திப் பழகினேன். முதல் நாள் மண்ணைத்தான் சுட்டேன். இப்போது தட்டு தப்பிக்காது. காலி அறை எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் இன்னும் குழப்பம். மூடும்போது உருளை கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். நேற்று அதை அணிந்துகொண்டு நூலகத்துக்குப் போனேன். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போலப் படித்தேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் முதுகு நேராகிவிட்டது. கதவைத் திறந்து உள்ளே வந்த ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தேன், இதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அது பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது, பிடித்திருந்ததுதான் வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் படித்ததெல்லாம் ஒரு கிலோ எஃகுக்கு முன்னால் இவ்வளவுதானா?

உன்
கொரின்


கெட்டில் மலை
17 ஜூலை

கொரின்,

அவசரமாக எழுதுகிறேன். டிக்ஸன் கழுதைகளை அவிழ்த்துக்கொண்டே திட்டுகிறார். மூன்று நாளாக மின்னல். மின்னல் பாயாமலிருக்கக் கண்ணாடிக் கால் வைத்த முக்காலியில் ஏறி நின்றுதான் ரேடியோ பேசுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை.

வெட்கப்படாதே. எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும், பிறகு பர்ஸ் மாதிரி ஆகிவிடும். தூண்டிலை எனக்கு வைத்திரு.

காட்டில் ஹக்கிள்பெரிப் பழங்கள் பழுக்க ஆரம்பித்திருக்கும். இனி அம்மாவை வீட்டில் பார்க்க முடியாது. அவர் பழம் பறிக்கும் இடம் யாருக்கும் தெரியாது. வண்டியை வேறெங்கோ நிறுத்திவிட்டு, புதருக்குள்ளேயே நடந்து போவார். வாளிக்குள் துணி விரித்துக்கொள்வார், பழம் விழும் சத்தம் கேட்கக் கூடாதாம். கரடிக் காட்டில் எல்லாரும் கரடி விலகட்டும் என்று கத்திக்கொண்டு போவார்கள், பெரி பறிக்கிறவர்கள் மட்டும் மூச்சைக் கூட அடக்கிக்கொள்வார்கள். இந்த ஊரில் அத்தனை பேரும் அப்படித்தான். அப்பா கடைசி வரை அந்த இடம் தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார். எனக்கும் ஜாம் மட்டும்தான் கிடைக்கும். அம்மாவை அவருடைய மாமியார் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம், கல்யாணத்துக்கு முந்தின ஆகஸ்டில். அந்த வருடம்தான் வீட்டுக்காரி ஆனேன் என்பார், கல்யாணத்தைச் சொல்ல மாட்டார்.

உன்னையும் ஒருநாள் கூப்பிடுவார். பொறு.

ஏமஸ்


ஆல்டர் ஃபோர்க்
11 ஆகஸ்ட்

அன்புள்ள ஏமஸ்,

மாதிரிகள் எடுக்கும் வேலை பின்தங்கிவிட்டது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். ஓடைகளில் தண்ணீர் குறைந்துவிட்டது. நாய்க்குக் காதில் புண், மருந்து போடுகிறேன். உங்கம்மாவைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறார்.

நீ கேட்டால் சொல்லிவிடுகிறேன், ரிவால்வர் நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கொரின்


கெட்டில் மலை
22 ஆகஸ்ட்

என் அன்புக் கொரினுக்கு,

அம்மாவின் கடிதம் வந்தது. "கொரின் பெரி இடத்துக்கு வந்திருந்தாள். சேர்ந்து பறித்தோம்" என்று எழுதியிருக்கிறார். இதை ஏன் நீ எழுதவில்லை? ரகசியம் என்று சொல்லியிருப்பார், நீயும் காப்பாற்றியிருக்கிறாய். அவருக்கு அது பிடிக்கும்.

இதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். இனி எதற்குக் காத்திருக்க வேண்டும்? பனி விழுந்ததும் நான் இறங்கிவிடுவேன். அக்டோபர் கடைசியில் வைத்துக்கொள்வோமா? பாதிரியாருக்கு எழுதட்டுமா? மேல் அறையை நமக்கே கொடுப்பார் அம்மா. அந்த அறைச் சன்னலுக்கு நீலத் திரை போடலாம், மேற்கு வெயில் அதிகம். உன் புத்தகங்களுக்குச் சுவர் முழுக்கப் பலகை அடித்துத் தருகிறேன். நாயைக் கீழே படுக்கப் பழக்கு. ஆரின் சித்தப்பா நடனமாடுவேன் என்று பயமுறுத்துவார், விட்டுவிடுவோம்.

பாதிரியாருக்கு எழுதும் முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் சொல். ரிவால்வர் எப்படி? சட்டைக்குள் சரியாக உட்காருகிறதா?

உன் ஏமஸ்


ஆல்டர் ஃபோர்க்
30 ஆகஸ்ட்

ஏமஸ்,

பாதிரியாருக்கு எழுதாதே.

உங்கம்மா என்னைப் பெரி இடத்துக்குக் கூப்பிடவில்லை. நான் அங்கே போய் நின்றேன், கையில் ரிவால்வரோடு.

முன்பெல்லாம் ஓடைக்குப் போகும்போது பாடிக்கொண்டே போவேன், உனக்குத் தெரியும். கேட்டால் கரடி ஊரை விட்டே ஓடும் என்பாய். ரிவால்வர் வந்த பிறகு பாட்டு நின்றுவிட்டது. நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை. எப்போது நின்றது என்று கூடத் தெரியவில்லை. ஸ்கில்லெட் ஓடையின் மேல் பக்கம், கரையேறிப் புதருக்குள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தேன். இலைகளுக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. தாழ்வாக, தரையோடு. முனகல் ஒன்று கேட்டது. கை தானாக மேல்சட்டைக்குள் போனது. சரளைக் குழியில் அத்தனை நாள் பழகியது வீண் போகவில்லை. எடுத்தேன், நீட்டினேன், விசையை முழுக்க இழுத்தேன். அவ்வளவு தூரம் இழுப்பதற்குள் யோசிக்க நேரம் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். கிடைக்கவில்லை.

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பழுப்பு நிமிர்ந்தது. உங்கம்மாவின் பழைய கான்வாஸ் கோட்டு. கோட்டுக்கு மேலே அவர் முகம்.

"இன்னொரு தடவை அமுக்காதே" என்றார். "அடுத்தது காலியா இருக்காது."

என் கை நீட்டியபடியே இருந்தது.

"கையைக் கீழ இறக்கு. மெதுவா. விரலை வெளிய எடு. ம், அப்படித்தான்." குதிரைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்து, என் கையிலிருந்து வாங்கி, உருளையைத் திறந்து பார்த்தார். "நாலு போட்டிருக்க. காலி அறை சுத்திக்கு நேரா இருக்கணும். நீ ஒண்ணு தள்ளி வெச்சு மூடியிருக்க. இழுத்ததும் காலிதான் வந்து நின்னிருக்கு."

"ஏமஸ் சொன்ன மாதிரிதான் வெச்சேன்னு நெனச்சேன்."

"அவன் சொன்ன மாதிரி வெச்சிருந்தா, நான் இப்ப உன்னோட பேசிட்டு இருக்க மாட்டேன்."

நான் ஜாக்கிரதையாக இருந்ததால் அவர் பிழைக்கவில்லை, ஏமஸ். மூடத் தெரியாமல் மூடியதால் பிழைத்தார்.

அதன் பிறகுதான் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாளி கவிழ்ந்து பழமெல்லாம் தரையில் கிடந்தது. "இடுப்பு வலி. பன்னி மாதிரி முனகிட்டு இருந்தேன். அதைக் கேட்டுத்தான் மிரண்டிருப்ப." என் தப்புக்கு அவரே காரணம் தேடிக் கொடுத்தார். பிறகு, "பொறுக்கு" என்றார். இருவரும் மண்டியிட்டுப் பொறுக்கினோம். என்னால் எழுந்து போக முடியவில்லை, போகச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை. வாளி நிறையும் வரை பறித்தோம். சேர்ந்து பறித்தோம் என்று அவர் எழுதியது பொய்யில்லை.

கிளம்பும்போது சொன்னார். "இந்த இடத்தை நீ யார்கிட்டயும் சொல்லாதே. அந்தச் சத்தத்தை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவன்கிட்டயும். தெரிஞ்சா மலையை விட்டு இறங்கி ஓடியாந்துடுவான், வேலை போயிடும்."

நன்றி நாள் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்னும் மோசமானது இதுதான். அந்த 'டிக்' கேட்டதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, நல்லவேளை அவர் உயிரோடு இருக்கிறார் என்பதில்லை. யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுதான். திரும்பிப் பார்த்தேன், ஏமஸ். உங்கம்மாவை நடுங்க வைத்துவிட்டு, சாட்சி இருக்கிறதா என்று காட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவர் அதையும் கவனித்தார்.

போன ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். போனேன். குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "இன்னும் ஊத்திக்கோ, தண்ணிப் பொண்ணே" என்றார். ஊற்றிக்கொண்டேன். உன் கடிதம் அடுத்த நாள் வந்தது. நீலத் திரை என்று படித்த இடத்தில் மடித்து வைத்துவிட்டேன்.

ரிவால்வரில் இப்போது தோட்டா இல்லை. கேட்டதால் சொல்கிறேன், சட்டைக்குள் மிகச் சரியாக உட்காருகிறது. யாருக்கும் தெரிவதில்லை.

நீ என்ன முடிவு செய்தாலும் அது நியாயமாகத்தான் இருக்கும்.

கொரின்


கெட்டில் மலை
12 செப்டம்பர்

என் கொரின்,

அழாதே. முடிந்துவிட்டது. நீயே சொல்லிவிட்டாய், அது போதும்.

எனக்குத் தெரியும். அம்மா முழுக்க எழுதியிருந்தார், அந்தச் சத்தத்தையும் சேர்த்து. கடைசியில், "தெரிந்தது போலக் காட்டாதே. அவளே சொல்லட்டும். சொன்னால் நம் வீட்டுப் பெண்" என்று எழுதியிருந்தார். அதனால் காத்திருந்தேன். இங்கே எங்களுக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதான். மழைக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து ஆவி எழும், புகை மாதிரியே இருக்கும். உடனே ரேடியோவில் கத்தினால் ஆட்களை வீணாக மலையேற்றிய பழி வரும். பைனாகுலரை வைத்துக்கொண்டு, என்னவென்று தெரியும் வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கல்யாணத்தைப் பற்றி அப்படி எழுதியது கொஞ்சம் அதிகம்தான். நீ சொல்ல ஒரு வழி திறந்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். தபாலில் போட்ட பிறகு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் பார், பலித்துவிட்டது. அம்மாவுக்கு எழுதிவிட்டேன், அவள் சொல்லிவிட்டாள் என்று. இனி உன் முகத்தைப் பார்க்க அவருக்கோ எனக்கோ ஒரு தடையும் இல்லை. திரை விஷயம் நான் உண்மையாகத்தான் எழுதினேன்.

பதில் எழுது. நீலமா, வேறா?

உன் ஏமஸ்


ஆல்டர் ஃபோர்க்
24 செப்டம்பர்

ஏமஸ்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மன்னித்துவிட்டான், முடிந்தது என்று நாயைக் கட்டிக்கொண்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் தேதிகளை நினைத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் இருபத்திரண்டில், திரையைப் பற்றி எழுதும்போது, உனக்கு எல்லாம் தெரியும்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லவில்லை, இப்போதும் முழுக்கச் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போய் ஓடைக்குள் இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அலமாரியைத் திறந்தால் 'டிக்' என்று கேட்கும். என்னை அங்கிருந்து தூக்கிவிட உன் ஒரு வரி போதும். "தெரியும், அம்மா நலம்." அவ்வளவுதான். நீ பாதிரியாரைப் பற்றி எழுதினாய். நான் சந்தோஷப்படுகிறேனா, பொய் சொல்கிறேனா என்று பைனாகுலர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் புகையா, ஆவியா என்று தெரியும் வரை.

இன்று உங்கம்மா வந்தார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. நாய்தான் போய் நின்று குரைத்தது. கடைசியில் நான் போய் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். இருவரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டு எழுதிட்டேன்" என்றார். "அன்னிக்கு ராத்திரி, யார்கிட்டயாவது சொன்னாத்தான் தூக்கம் வரும்னு இருந்துச்சு. என் புள்ளைகிட்ட சொன்னேன். அவளே சொல்லட்டும்னு வேற சேர்த்துட்டேன். பெரிய புத்திசாலின்னு நெனப்பு."

"நான் உங்களைச் சுட்டேன் வெர்னா. நீங்க எழுதினதெல்லாம் ஒரு தப்பா?"

"அது தப்பு இல்லேன்னு நீ சொல்லாதே. எனக்குத் தெரியும் எது தப்புன்னு." பிறகு, "ஆனா கல்யாணத்தைப் பத்தி எழுதுன்னு நான் சொல்லலை. அதை அவனாத்தான் பண்ணியிருக்கான், அவன் கடுதாசியைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்."

"தெரியும்."

"அவன் கெட்டவன் இல்ல."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுமா வேணாங்கற?" என்றார். அவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், அதில் அழுக்கே இல்லை.

உன்னைக் குற்றவாளியாக்க இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுத எழுத அது முடியவில்லை. விசையை இழுத்தவள் நான். உனக்கு அதை மன்னிக்க மனம் இருந்தது, அந்த மனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் இருவரில் ஒருவருக்கு அடுத்தவரின் அவமானம் தெரிந்திருந்தது, அவர் சும்மா இருந்து பார்த்தார். அந்த மேல் அறையில் நான் உன்னோடு இருந்தால், நீ பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் உனக்கு என்ன தெரியும் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். நீயும், நான் பேசாமல் இருக்கும் நாட்களில் எதை மறைக்கிறாள் என்று யோசிப்பாய். அப்படி யோசிக்க உனக்கு உரிமை உண்டு. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

பனி விழுந்ததும் நீ இறங்கி வரும்போது நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன். ஹெலினா நகரில் ஆய்வுக்கூட வேலை கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. நாய் உன் அம்மாவிடம் இருக்கும். இந்தக் கோபத்தை நாளை மாற்றிக்கொள்வேன் என்று நினைக்காதே, கோபமே இல்லை.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவே டிக்ஸனிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். இப்போதும் வாசலில்தான் இருக்கிறார், வண்டியை அணைக்காமல். உள்ளே என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. உறையை நன்றாக ஒட்டிக் கொடு என்று மட்டும் சொன்னார்.

கொரின்